இளைப்பாற வாய்க்காத கலாயோகி

எமது ஊர்களில் ஓர் ஆசிரியர் இளைப்பாறுகின்றார் என்றால் அது ஒரு சிறு திருவிழாவாகவே நடந்தேறும். பாடசாலை மண்டபத்தில் வாழையும் தோரணமும் கட்டுவார்கள். பொன்னாடை போர்த்துவார்கள். பழைய மாணவர் ஒருவர் அச்சடித்த வாழ்த்துப்பாவைத் தழுதழுத்த குரலில் வாசித்தளிப்பார். காலமெல்லாம் கரும்பலகையின் முன் நின்றவர் அன்று மலர்மாலையுடன் நாற்காலியில் அமர்ந்து, தம்மைப் பற்றிப் பிறர் சொல்வதைக் கூச்சத்தோடு கேட்டுக் கொண்டிருப்பார். ஆசிரியத் தொழிலுக்கு எம்மவர் அளிக்கும் இந்த மரியாதை நல்லதொரு வழக்கமேயாகும்.

இவ்வாறான மரியாதையை ஈழத்து மண்ணில் பெறாமலே போன ஆசான் ஒருவரைப் பற்றியே இன்று எழுதப் புகுகின்றோம். அவர் கரும்பலகையின் முன் நின்று தொழில் நடத்தியவரல்லர். பேராசிரியர் என்ற பட்டமும் அவருக்கு இருந்ததில்லை. ஆயினும் கீழைத்தேயக் கலை வரலாற்றைப் பயில்வோர் உலகில் எங்கிருந்தபோதிலும், ஏதோ ஒரு வகையில் அவருடைய மாணாக்கரே ஆவர். கலாயோகி என்று தமிழுலகம் போற்றும் ஆனந்த குமாரசுவாமியே அவர்.

கொழும்பு மாநகரில் முன்னாளில் ‘கிரீன் பாத்’ என வழங்கிய வீதி இப்பொழுது அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. தேசியக் கலாபவனம் அமைந்திருப்பதும் அவ்வீதியிலேதான். திருகோணமலைத் துறைமுகப் பட்டினத்தை அடுத்துள்ள எமது அன்புவழிபுரத்தில், சித்திரபாடம் பயிலும் ஒரு மாணவனை நிறுத்தி, ‘ஆனந்த குமாரசுவாமி யார்?’ என்று வினவினால், ‘நடராசர் நடனத்தைப் பற்றி எழுதியவர்’ என்ற ஒரு வரி விடை கிடைக்கக் கூடும். விடை பிழையன்று. ஆனால் அவர் எந்த உத்தியோகம் பார்த்தார், எவ்வாறு உழைத்தார், அந்த உழைப்பிற்கும் எமது கோணேசர் கோயில் விக்கிரகங்களுக்கும் என்ன தொடர்பு என்பவற்றை அறிந்தோர் சிலரே.

இரு குலத்து மைந்தன்

ஆனந்த குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22ஆந் திகதி கொழும்பிலே பிறந்தார். தந்தையார் சர் முத்துக்குமாரசுவாமி. சட்ட நிரூபண சபையில் அங்கம் வகித்த பெரியார். கிறிஸ்தவராகாமலே இங்கிலாந்தில் பாரிஸ்டர் பட்டம் பெற்றுப் புகழீட்டியவர். அரிச்சந்திரன் கதையை ஆங்கில நாடகமாக்கியவரும், பாளி மொழியிலுள்ள சுத்த நிபாதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் இவரே. சைவத் தமிழர் ஒருவர் பௌத்த நூலை மேல்நாட்டார்க்கு அறிமுகஞ் செய்தார் என்பதை நினைவில் வைத்துக் கொள்ளல் வேண்டும். மகனின் வாழ்விலும் இப்பண்பு தொடர்ந்து வரக் காண்போம். தாயார் எலிசபெத் பீபி, இங்கிலாந்தின் கென்ற் பகுதியைச் சேர்ந்தவர். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் சர் முத்துக்குமாரசுவாமியின் சகோதரி பிள்ளைகள். எனவே ஆனந்தருக்கு மைத்துனர் முறையினர்.

குழந்தைக்கு இரண்டு வயது நிறையுமுன்னரே, 1879இல், தந்தையார் காலமானார். தாயும் சேயும் இங்கிலாந்தில் தங்க நேர்ந்தது. மகன் அங்கேயே வளர்ந்தார். வைக்கிளிவ் கல்லூரியிலும் பின்னர் லண்டன் யூனிவேர்சிற்றிக் கல்லூரியிலும் பயின்றார். அவர் கற்றது கலையுமன்று, வரலாறுமன்று. நிலநூலும் தாவரநூலுமே அவருடைய பாடங்கள். 1900ஆம் ஆண்டில் விஞ்ஞானப் பட்டதாரியானார்.

கல்லைத் தேடி வந்தவர் கண்டது

1903ஆம் ஆண்டு தொடக்கம் 1906 வரையில் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராகக் கடமையாற்றினார். ‘தோரியனைட்’ என்னும் புதிய கனிப்பொருள் இலங்கையில் உள்ளதென 1904இல் வெளிப்படுத்தியவர் இவரே. அக்காலத்தில் மேல்நாட்டு விஞ்ஞானிகள் கதிர்வீசும் பொருள்களைப் பற்றிப் பெரும் பரபரப்போடு ஆராய்ந்து வந்தனர். ஆதலால் இருபத்தேழு வயது இளைஞரின் இக்கண்டுபிடிப்பு அவருக்கு நிலையான புகழைத் தேடித் தந்தது. அவர் எழுதிய ஆய்வறிக்கைகளுக்காக லண்டன் சர்வகலாசாலை 1906இல் விஞ்ஞான கலாநிதிப் பட்டத்தை வழங்கியது. அந்த வழியிலேயே நடந்திருப்பாராயின், ஓய்வூதியத்துடன் சுகமாக இளைப்பாறிய அரசாங்க உத்தியோகத்தர்களுள் ஒருவராக அவர் முடிந்திருப்பார்.

கல்லாராய்ச்சிக்காகக் கண்டி நாட்டுக் கிராமங்களுக்குச் சென்றவர், அங்கே கல்லை மட்டும் பார்க்கவில்லை. செம்பும் பித்தளையும் அடித்து உருவாக்கும் கன்னாரைப் பார்த்தார். யானைத் தந்தம் கடைவோர், பாய் இழைப்போர், விகாரைச் சுவரில் ஓவியம் தீட்டுவோர் ஆகியோரைப் பார்த்தார். தலைமுறை தலைமுறையாகத் தந்தையிடமிருந்து மைந்தன் கற்று வந்த கைத்திறன், மலிவான கப்பற் சரக்கின் முன்னே நிற்க மாட்டாமல் தளர்ந்து போவதையும் பார்த்தார். கலைஞனுக்குக் காணியும் மானியமும் கொடுத்து வந்த அரசு 1815இல் வீழ்ந்தபின் அவனை ஆதரிப்பார் இலர். பிரபுக்களோ மேல்நாட்டு மேசை நாற்காலிகளிலும் உடையிலும் மோகங் கொண்டிருந்தனர். 1905இல் கண்டித் தலைவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் வரைந்து, பழைய கட்டடங்களையும் கைத்தொழில்களையும் காக்குமாறு வேண்டினார். அதே ஆண்டில் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை நிறுவுவதில் முன்னின்று அதன் தலைவருமானார். இரவல் உடையையும் இரவல் நடையையும் கண்டித்துத் துண்டுப் பிரசுரம் எழுதினார்.

ஆங்கிலத் தாய் வயிற்றிற் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, ஆங்கிலத்தில் எழுதியவர் எம்மவருக்குச் சுதேச உடையைப் பற்றி உபதேசிப்பதா என்று சிலர் நகைக்கலாம். வெளியிலிருந்து வந்த கண்ணுக்கே சில வேளைகளில் வீட்டிலுள்ள பொருள் விளங்கித் தோன்றுகின்றது என்பதே எமது கருத்து.

பதினைந்து மாதம் அச்சிட்ட நூல்

அந்த ஊர்ச் சுற்றுலாக்களின் பயனாக எழுந்ததே ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல். இந்நூலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

கைத்தொழிலின் மேன்மையைப் பேசும் நூலை இயந்திரத்திற் கொடுத்து அச்சிடுவது பொருந்தாதென்று அவர் எண்ணினார் போலும். இங்கிலாந்தில் புரோட் கம்டன் என்னும் சிற்றூரிலே, பழைய தேவாலயமொன்றைத் திருத்தி அமைத்த இல்லத்தில் அவர் குடியிருந்தார். அறிஞர் வில்லியம் மொரிஸ் முன்னர் தம் புகழ்பெற்ற நூல்களை அச்சிடப் பயன்படுத்திய கையச்சுப் பொறி அங்கே இருந்தது. அதனைக் கொண்டு 1907 செப்டெம்பர் தொடக்கம் 1908 டிசெம்பர் வரை, தம் மேற்பார்வையிலேயே இந்நூலை அச்சிடுவித்தார். வெளிவந்தவை 425 படிகள் மட்டுமே. அதிலுள்ள நிழற்படங்களைப் பெரும்பாலும் எடுத்தவர் அவருடைய அக்கால மனைவியாராகிய எதெல் அம்மையார். கிராமங்களுக்கு அவருடன் கூடவே சென்று, தையல் வேலைப்பாடுகளையும் நெசவையும் நுணுகி நோக்கிய இவ்வம்மையார், பிற்காலத்தில் எதெல் மெயிரே என்ற பெயரில் இங்கிலாந்தின் தலைசிறந்த நெசவுக் கலைஞருள் ஒருவராக விளங்கினார். இருவரும் பின்னர் பிரிந்தனர் என்றாலும், அந்நூலின் பெருமையில் ஒரு பங்கு அவருக்கும் உரியது.

நூலின் உள்ளே இருப்பது என்ன? அரசர் வரிசையன்று, போர்களுமல்ல. சித்திரகாரன் நிறங்களை எவ்வாறு அரைத்துக் கூட்டுகிறான், எந்தக் கொடியையும் எந்தப் பூவையும் எந்த வரிசையில் வரைகிறான், உலோக வேலைக்காரன் எந்தக் கருவியை எப்படிப் பிடிக்கிறான் என்பனவெல்லாம் அங்கே எழுதப்பட்டுள்ளன. விகாரையில் புத்தர் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கையும் அவர் பதிவு செய்துள்ளார். சிலை முழுவதும் நிறைவுற்ற பின்னரே கண்கள் தீட்டப்படும். அதுவரையில் அது கல்லோ மண்ணோதான். கண் தீட்டியபின் வழிபடு பொருளாகின்றது. எங்கள் கோயில்களிலும் ஸ்தபதியார் கண் திறந்தபின் அன்றோ குருக்கள் கும்பாபிடேகம் செய்கின்றார்? ஒரே தீவில் இரு சமயத்தார் கையிலும் ஒரே மரபு வாழ்கின்றதென்பது இத்தகைய நுணுக்கங்களினாலேயே புலனாகின்றது.

சிங்களக் கைவினைஞரின் வாழ்வையும் தொழிலையும் உலகறிய முதன்முதலில் முழுமையாக எழுதி வைத்தவர் ஒரு தமிழர் என்பதை, இரு சாராரும் அடிக்கடி நினைவிற் கொள்வது நன்று.

வேண்டாமென்று விடப்பட்ட செல்வம்

இதன்பின் அவருடைய நோக்கு இந்தியாவின்பாற் சென்றது. 1910ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் அலகபாத்தில் நடைபெற்ற பெருங் கண்காட்சியில் கலைப்பகுதியை ஒழுங்கு செய்யும் பொறுப்பை ஏற்றார். வட இந்தியாவெங்கும் பயணஞ் செய்து, இராசபுத்திர நாடுகளிலும் இமயமலைச் சாரலிலும் தோன்றிய சிறு ஓவியங்களைத் தம் பொருளைச் செலவிட்டுத் தேடிச் சேர்த்தார். அந்நாளில் இவற்றையெல்லாம் மொகலாய ஓவியங்கள் என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தனர். கண்ணனும் ராதையும், கார்காலமும் காத்திருக்கும் தலைவியும் தோன்றும் இவ்வோவியங்கள், அரண்மனைத் தர்பாரைத் தீட்டிய மொகலாய ஓவியங்களினின்றும் வேறான ஒரு மரபின என்று பிரித்துக் காட்டியவர் குமாரசுவாமியே. 1916இல் ஒக்ஸ்போர்டில் இரு பாகங்களாக வெளிவந்த ‘இராசபுத்திர ஓவியம்’ என்னும் நூல் அதனை நிலைநாட்டியது.

இந்த இடத்திலேதான் மனத்தை உறுத்தும் ஒரு செய்தி வருகின்றது. தாம் சேர்த்த ஓவியங்களையெல்லாம், காசியில் ஒரு தேசியக் கலைக்கூடம் அமைக்கப்படுமாயின் அதற்கு அளித்துவிட அவர் முன்வந்தார். கலைக்கூடம் எழவில்லை. வேண்டிய பொருளும் திரளவில்லை. அப்போது முதலாம் உலகப் போர் நடந்து கொண்டிருந்தது. சுயாட்சி இல்லாத இந்தியர் பிரித்தானியருக்காகப் போர் செய்தல் தகாதென்பது அவர் கொள்கை. அக்கொள்கையால் இங்கிலாந்தில் இருக்க இயலாத நிலை உண்டாயிற்று. அமெரிக்கா சென்றார். பொஸ்டன் நகரத்து நுண்கலை நூதனசாலையின் புரவலருள் ஒருவரான டென்மன் ரொஸ் என்பவர் 1917இல் அந்தச் சேகரிப்பை வாங்கி நூதனசாலைக்கு வழங்கினார். அதனுடன் கூடவே குமாரசுவாமியும் அங்கே இந்தியக் கலைப் பகுதியின் காப்பாளராக நியமனம் பெற்றார். அமெரிக்காவில் அத்தகைய பதவி அதுவே முதலாவது. இன்றும் அவ்வோவியங்கள் ரொஸ்–குமாரசுவாமி சேகரிப்பு என்ற பெயருடன் அந்நகரிலே இருக்கின்றன.

இதில் யாரை நோவது? விற்றவரையா, வாங்கியவரையா? கொடுக்க வந்தவரின் முன்னே கைநீட்டாமல் இருந்த எம் நாட்டுச் செல்வரையே நோக வேண்டும் என்பது எமது துணிபு. ஆயினும் மறுபக்கமும் உண்டு. ஒரு நாட்டின் நுண்ணிய செல்வம், அந்நாட்டுப் பிள்ளைகள் எட்டிப் பார்க்க முடியாத தொலைவுக்குச் சென்றுவிட்டது. அதைக் கொண்டு சென்றவர் அந்நாட்டின் கலையை நேசித்தவர்களுள் தலையாயவர். இந்த முரண்பாட்டின் வேதனை அவருடைய பிற்கால எழுத்துக்களில் வேறு உருவில் வெளிப்படுவதாகவே எமக்குத் தோன்றுகின்றது.

முப்பது ஆண்டுச் சேவை

1917 முதல் 1947 வரை முப்பது ஆண்டுகள். நூதனசாலைக் காப்பாளரின் வேலை வெளியார் கண்ணுக்குப் பகட்டானதன்று. வந்து சேரும் ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்து அளந்து, உலோகமா கல்லா என்று குறித்து, எந்த நாட்டது, எந்தக் காலத்தது, எந்தத் தெய்வம், கையிலுள்ள முத்திரை என்ன என்று நிச்சயித்து எழுதி வைக்க வேண்டும். இந்த வேலையையே அவர் தவமாகச் செய்தார். அந்நூதனசாலையின் இந்தியப் பொருள்களுக்கு அவர் எழுதிய விவரப் பட்டியல்கள் 1923ஆம் ஆண்டிலிருந்து பகுதி பகுதியாக வெளிவந்தன. பட்டியல் என்றால் கடைக் கணக்குப் போன்றதென்று எண்ணற்க; ஒவ்வொரு குறிப்பும் ஒரு சிறு பாடம். 1927இல் வெளிவந்த ‘இந்திய, இந்தோனேசியக் கலை வரலாறு’ இந்தியாவை மட்டுமன்றி இலங்கை, சாவகம், கம்போடியா, சீயம் முதலிய நாடுகளின் கலையையும் ஒரே பார்வையில் அடக்கிக் காட்டியது. பல தலைமுறை மாணவர்க்கு அதுவே பாடநூலாயிற்று.

அதே ஆண்டில், புத்தர் உருவத்தின் தோற்றம் பற்றிப் பெரிய வழக்கொன்றையும் எடுத்துரைத்தார். கிரேக்கச் சிற்பிகளின் செல்வாக்கினாலேயே காந்தார நாட்டில் முதன்முதல் புத்தர் சிலை வடிக்கப்பட்டது என்று பூஷே என்னும் பிரெஞ்சு அறிஞர் கூறி வந்தார். மேல்நாடு அதனை மகிழ்ச்சியோடு ஏற்றிருந்தது. அன்று, இந்தியச் சிற்பிகள் தொன்றுதொட்டு இயக்கர் உருவங்களை வடித்து வந்தனர், அந்த மரபிலிருந்தே வடமதுரைப் பட்டறையில் புத்தர் உருவம் சுயமாகப் பிறந்தது என்று குமாரசுவாமி சான்று காட்டி வாதாடினார். அறிஞரிடையே இவ்வழக்கு இன்றும் முற்றாக ஓய்ந்தபாடில்லை. ஆனால் அதற்குப் பின் ‘எல்லாம் கிரேக்கர் தந்த பிச்சை’ என்று எவரும் எளிதிற் சொல்ல முடியவில்லை.

மாணவர்க்குச் சுவை தரும் ஒரு செய்தியையும் இடையிற் கூறிவிடுவோம். பழமையையே போற்றிய இவர், நிழற்படக் கலையையும் மதித்தார். அல்பிரட் ஸ்ரீக்லிஸ் என்ற அமெரிக்க நிழற்படக் கலைஞரின் 27 படங்கள் 1924இல் பொஸ்டன் நூதனசாலையில் இடம்பெற்றமைக்கு இவருடைய முயற்சியே காரணம். நிழற்படம் கலையாகுமா என்று பலரும் ஐயுற்றிருந்த காலமது.

இனி, எல்லாரும் அறிந்த நடராசர் கட்டுரைக்கு வருவோம். ‘சிவ நடனம்’ என்ற அக்கட்டுரை முதலில் வெளிவந்தது நியூயோர்க்கிலுமன்று, லண்டனிலுமன்று. சென்னையில் நடைபெற்ற ‘சித்தாந்த தீபிகை’ என்னும் சைவ சித்தாந்தப் பத்திரிகையில், 1912ஆம் ஆண்டில். பின்னரே 1918இல் நியூயோர்க்கில் அதே பெயருடைய கட்டுரைத் தொகுதியில் இடம்பெற்றது. திருமந்திரம், உண்மை விளக்கம் முதலிய தமிழ் நூல்களையே அவர் ஆதாரமாகக் கொண்டார். உடுக்கை படைத்தலையும், அமைந்த கரம் காத்தலையும், ஏந்திய அனல் அழித்தலையும், ஊன்றிய பாதம் மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கும் என்பது எங்கள் வீட்டுப் பெரியோர் திண்ணையிலிருந்து சொல்லும் விளக்கந்தானே? அதனை உலகம் விளங்கும் மொழியில் எடுத்துச் சொன்னதே அவர் செய்த சேவை. அதுவரையில் நான்கு கைகளைக் கண்டு முகஞ் சுளித்த மேல்நாட்டார், அதன்பின் நின்று நோக்கத் தொடங்கினர். ஜெனீவாவை அடுத்த ‘சேர்ன்’ அணு ஆராய்ச்சி நிலையத்தில் 2004ஆம் ஆண்டு இந்தியா அன்பளிப்பாக நிறுவிய நடராசர் சிலையின் அடியிலுள்ள பலகையிலும் குமாரசுவாமியின் வாசகம் பொறிக்கப்பட்டிருக்கின்றது. இக்கட்டுரைத் தொகுதி ‘சிவானந்த நடனம்’ என்னும் பெயரில் தமிழிலும் வந்துள்ளது. நூலகங்களில் மாணவர் தேடிப் படிக்கலாம்.

குறையும் உண்டு

ஒரு பெரியாரைப் பற்றி எழுதும்போது புகழை மட்டும் அடுக்கிச் செல்வது எமது பத்திரிகைகளின் பழக்கமாகிவிட்டது. அது அவருக்குச் செய்யும் மரியாதையன்று. பழைய சமுதாய அமைப்பின்மீது குமாரசுவாமிக்கிருந்த பற்று, சில இடங்களில் அவர் கண்ணை மறைத்துவிட்டது. சாதித் தொழிற் பிரிவைக் கைத்திறனின் காவலாகவே அவர் பெரிதும் கண்டார். அதற்குள் அடங்கிக் கிடந்தவனின் தாழ்வும் பசியும் அவர் எழுத்தில் போதியளவு இடம்பெறவில்லை. ‘சிவ நடனம்’ தொகுதியிலேயே இந்தியப் பெண்களின் நிலைபற்றி எழுதிய கட்டுரையில், உடன்கட்டை ஏறும் வழக்கத்திற்கும் ஒரு நியாயம் காண முற்பட்டுள்ளார். எமது குடும்பப் பெண்கள் எவரும் இதை ஒப்பார், நாமும் ஒப்போம். பிற்காலத்து நடையும் எளிதன்று. ஒரு பக்கத்தில் நான்கு வரி கட்டுரையும் மிகுதியெல்லாம் சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் அடிக்குறிப்புகளுமாக நிற்கும். இளைஞர் அங்கிருந்து தொடங்காமல், 1918ஆம் ஆண்டுத் தொகுதியிலிருந்தோ 1908ஆம் ஆண்டு நூலிலிருந்தோ தொடங்குவது நலம்.

காப்பாளர் எழுப்பிய வினா

1933ஆம் ஆண்டில் அவருடைய பதவி ஆராய்ச்சி அறிஞர் என மாற்றப்பட்டது. நிருவாகச் சுமை குறைந்தது, எழுத்து ஓங்கியது. 1943இல் ஒரு நூல் வெளியிட்டார். கலைப் பொருள்களைக் காட்சிக்கு வைப்பது ஏன் என்ற வினாவே அதன் தலைப்பு. நூதனசாலையில் ஊதியம் பெறும் ஒருவர் நூதனசாலையே எதற்கு என்று கேட்டதைப் பாருங்கள்!

அவருடைய வாதத்தின் சாரம் இதுதான். கோயில் விளக்கோ, நீர்க்குடமோ, விக்கிரகமோ கண்ணாடிப் பேழையில் வைத்து அழகு பார்ப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. ஒவ்வொன்றும் ஒரு தேவைக்காக, ஒரு பயன் கருதிச் செய்யப்பட்டது. விளக்கு எரிவதற்கு, குடம் மொள்வதற்கு, விக்கிரகம் வழிபடுவதற்கு. அந்தப் பயனை அறியாமல் உருவத்தை மாத்திரம் இரசிப்பவன் பாதிப் பொருளைத்தான் காண்கின்றான். வாழ்வினின்றும் அற்றுப்போன பொருளைக் காத்து, அது எதற்காக இருந்தது என்று கற்பிப்பதே நூதனசாலையின் கடமை. வாழ்ந்து கொண்டிருக்கும் பொருளைப் பிடுங்கிவந்து நிரப்புவதன்று. தம் கையாலேயே ஓர் ஓவியச் செல்வத்தைக் கடல் கடத்தியவர், கால் நூற்றாண்டு கழித்து எழுதிய வார்த்தைகள் இவை என்பதை எண்ணிப் படிக்க வேண்டும்.

1947 ஓகஸ்ட் 22ஆந் திகதி அவருக்கு எழுபது வயது நிறைந்தது. பொஸ்டனில் நண்பர்கள் விருந்தளித்தனர். தாம் இளைப்பாறி, மனைவியாருடன் இந்தியாவிற்குச் சென்று, அமைதியாக வாழ எண்ணியிருப்பதை அவர் அங்கே அறிவித்தார். இந்தியா சுதந்திரம் பெற்று ஒரு வாரமே ஆகியிருந்தது. பதினெட்டு நாட்கள் கழிந்தன. செப்டெம்பர் 9ஆந் திகதி, நீடம் என்ற ஊரிலிருந்த தம் இல்லத்தில் காலமானார். அதே ஆண்டு யூலை 19ஆந் திகதிதான் ‘யாழ் நூல்’ ஆசிரியரான சுவாமி விபுலானந்தரும் மறைந்திருந்தார். திருகோணமலை இந்துக் கல்லூரியோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தவர் அடிகளார் என்பதை எமது வாசகர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஈழத்துத் தமிழ்க் கலையுலகு ஒரே கோடையில் இரு கண்களை இழந்தது.

கிணறு வெட்டக் கிடைத்த தெய்வங்கள்

குமாரசுவாமி மறைந்து மூன்றாண்டுகள் சென்றன. 1950ஆம் ஆண்டில், சுவாமிமலையிலிருந்து ஏறக்குறைய ஐந்நூறு யார் தொலைவில், திருகோணமலை நகரசபையார் நீருக்காகக் கிணறு தோண்டினர். மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்பாள் முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. பின்னர் பிள்ளையாரும் கிடைத்தார். 1624ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்துக் கோட்டை கட்டியபோது, அடியார் புதைத்துக் காத்தவையே இவை என்று கொள்ளப்படுகின்றது. சோழர் காலக் கைவண்ணம் என்பர் அறிஞர்.

இத்தகைய திருமேனிகள் வார்க்கப்படும் முறை மாணவர் அறிந்திருக்க வேண்டியது. முதலில் மெழுகினால் உருவம் முழுவதையும் செதுக்குவர். அதன்மேல் நுண்ணிய களிமண்ணை அடுக்கடுக்காகப் பூசி உலர்த்துவர். பின் நெருப்பிலிட, மெழுகு உருகித் துவாரவழியே வடிந்துவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்ப்பர். ஆறியதும் மண்ணை உடைத்துத் திருமேனியை வெளியிலெடுப்பர். மெழுகும் போயிற்று, அச்சும் உடைந்தது. ஆதலால் அதுபோல் இன்னொன்று பிறவாது. பொலன்னறுவைச் சிவாலயத்தருகே 1907ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் இவ்வகைச் சைவத் திருமேனிகள் அகப்பட்டன. அவை கொழும்பு நூதனசாலைக்குச் சென்றன. அவற்றை ஆராய்ந்து 1914இல் தனி நூல் எழுதியவர் குமாரசுவாமியேதான். திருகோணமலைத் திருமேனிகளைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

கண்டெடுத்த தெய்வங்களை என் செய்வது? பொலன்னறுவைத் திருமேனிகள் போலப் பேழைக்குள் செல்வதா? எமது மக்கள் வேறு வழியைத் தேர்ந்தனர். திருமேனிகளை ஊர்வலமாக எடுத்துச் சென்றனர். ஆலயத்தைப் புதிதாக எழுப்பினர். 1963ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3ஆந் திகதி குடமுழுக்குடன் தெய்வங்கள் தம் இடத்தில் அமர்ந்தன. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மண்ணில் உறங்கியவை மீண்டும் தீபாராதனை கண்டன. வாழும் பொருள் தன் பயனோடு இருக்க வேண்டும் என்று பொஸ்டனில் ஒருவர் எழுதியது, அவரை வாசித்திராத மக்களால் இங்கே நடத்திக் காட்டப்பட்டது.

ஆனால் இதனாற் சித்திரபாட மாணவனுக்கு ஒரு சங்கடமும் உண்டு. பேழையிலுள்ள சிலையை முன்னும் பின்னும் நின்று பார்க்கலாம், அளக்கலாம், வரையலாம். சந்நிதியிலுள்ள திருமேனியோ பட்டும் மாலையும் சூடியிருக்கும். திருமுகம் மாத்திரமே தெரியும். தோளின் வளைவும் இடையின் ஒசிவும் சோமாஸ்கந்தரின் மடித்த காலும் மறைந்திருக்கும். இதற்குப் பரிகாரம் படிப்பாளிகளே செய்து வைத்துள்ளனர். திருமேனிகள் அகப்பட்ட சில ஆண்டுகளிலேயே, 1953இல், ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கில ஆராய்ச்சி இதழில் டாக்டர் பாலேந்திரா அவற்றைப் பற்றிக் கட்டுரை வரைந்தார். வழிபாடு கோயிலிலும், விவரம் ஏட்டிலுமாக இரண்டும் நிலைபெற்றன.

அன்புவழிபுரத்திலிருந்து கோணேசர் கோயில் நெடுந்தூரமன்று. சனி, ஞாயிறு தினங்களில் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், கோட்டை வாயிலில் சற்றே நின்று, கல்லில் பொறித்த இணைக்கயல்களைக் காட்டலாம். அவை பாண்டியர் சின்னம் என்று சொல்லிக் கொடுக்கலாம். அதே பாறையின் அடியில் 1956ஆம் ஆண்டு ஆதர் கிளாக்கும் மைக் வில்சனும் சுழியோடி, பழைய ஆலயத்தின் தூண்கள் கடலடியிற் கிடக்கக் கண்டனர் என்பதையும் கூறலாம். பின்னர் மேலே ஏறிச் சந்நிதியை அடைந்தால், திருமஞ்சன வேளையில் பட்டும் மாலையும் நீங்கும் சிறு பொழுது ஒன்று வரும். கையில் ஒரு கொப்பியும் பென்சிலும் உள்ள பிள்ளை, வீடு திரும்பியதும் நினைவிலிருந்து அந்தத் தோளின் வளைவை வரைந்து பார்க்கட்டும்.